மேஸ்திரி முதல் ஆக்சுவரி வரை: எச்.ஆர். நாற்காலியில் உட்கார்ந்தவர்கள்



பி.காம். படிக்கிற நமக்கு மனிதவள மேலாண்மை என்று ஒரு பாடம் இருக்கிறது. ஆள் எடுப்பது எப்படி, பயிற்சி கொடுப்பது எப்படி, சம்பளம் நிர்ணயிப்பது எப்படி என்று எல்லாவற்றுக்கும் அதில் ஐந்து ஐந்து பாயிண்ட் உண்டு. ஆனால் இந்த வேலையை முதலில் செய்தவர்கள் யார், அதற்கு முன்னால் அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று ஒரு வரிகூட இருக்காது.

டாக்டர் என்றால் மருத்துவம் படித்தவர். ஆடிட்டர் என்றால் சி.ஏ. முடித்தவர். ஆனால் பெரிய கம்பெனிகளின் எச்.ஆர். தலைவர்களையும், பி.எஃப்., கிராஜுவிட்டி, காப்பீடு போன்றவற்றில் ஆலோசனை சொல்கிற மூத்தவர்களையும் எடுத்துப் பாருங்கள். ஒருவர் சமூகப்பணி படித்தவர், இன்னொருவர் வக்கீல், மூன்றாமவர் கணக்காளர், நான்காமவர் இன்ஷூரன்ஸ்காரர். இப்படி ஒரு கலவை வேறு எந்தத் தொழிலிலும் இருக்குமா என்று தெரியவில்லை.

படித்துப் பார்த்ததில் எனக்குக் கிடைத்த பதில் இதுதான்: ஒவ்வொரு காலத்திலும் முதலாளி எதைக் கண்டு அதிகம் கவலைப்பட்டாரோ, அந்தக் கவலைக்கு மருந்து தெரிந்தவரை இந்த நாற்காலியில் உட்கார வைத்தார். ஆக, நாற்காலியில் இருந்தவரின் பழைய தொழிலைப் பார்த்தாலே அந்தக் காலத்துத் தொழிற்சாலையின் கதை தெரிந்துவிடும். வாருங்கள், வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் இருந்தவர் மேஸ்திரி

நூறு வருடங்களுக்கு முன்னால் இந்திய ஆலைகளில் எச்.ஆர். துறை கிடையாது. பம்பாய் மில்களில் ஜாபர் என்றும், கல்கத்தா சணல் ஆலைகளில் சர்தார் என்றும், தோட்டங்களில் கங்காணி என்றும், நம்மூர் மில்களில் மேஸ்திரி என்றும் ஒருவர் இருந்தார். ஊரிலிருந்து ஆள் கூட்டிவருவது, வேலை வாங்குவது, லீவு கொடுப்பது, வேலையை விட்டுத் தூக்குவது எல்லாம் அவர் கையில்தான். வேலை கிடைக்க மாமூல், கிடைத்த வேலை நிலைக்க மறுபடி மாமூல். கையில் காசில்லாதவனுக்குக் கடன் கொடுப்பவரும் பல இடங்களில் அவர்தான்.

இவருடைய தகுதி என்ன? அவரும் ஒரு காலத்தில் தறியில் நின்ற தொழிலாளிதான். தொழிலாளியின் பாஷை, ஊர், சாதி, குடும்பம் எல்லாம் அவருக்கு அத்துப்படி. வெள்ளைக்கார மேனேஜருக்கு இதில் ஒன்றும் தெரியாது. தெரியாத இடத்தில் தெரிந்தவன் ராஜா.

1918 ஏப்ரலில் சென்னை பெரம்பூரில் மதராஸ் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் ஆகியோர் அதில் முன்னின்றவர்கள். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்று என்று சொல்வார்கள். 1921-இல் பக்கிங்ஹாம் கர்நாடிக் மில்லில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. பம்பாயில் 1928-இல் மில்கள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. மேஸ்திரியை வைத்து இனிமேல் சமாளிக்க முடியாது என்று முதலாளிகளுக்கும் அரசாங்கத்துக்கும் அப்போதுதான் புரிய ஆரம்பித்தது.

யார்க் நகரத்துச் சாக்லேட் ஆலை

இதற்கு நடுவில் ஒரு நிமிடம் இங்கிலாந்து போய்விட்டு வருவோம். ஏனென்றால் நம் நாட்டுக்கு வந்த விதை அங்கிருந்துதான் வந்தது.

1896-இல் யார்க் நகரத்திலிருந்த ரவுண்ட்ரீ கொக்கோ ஆலையில் மேரி உட் என்ற பெண்மணியை வேலைக்கு வைத்தார்கள். அங்கே வேலை பார்த்த பெண்களையும் சிறுமிகளையும் கவனித்துக்கொள்வதுதான் அவர் வேலை. உடம்பு சரியில்லாதவர்களை விசாரிப்பது, சாப்பாட்டு வசதியைப் பார்ப்பது போன்றவை. 1913-இல் இப்படிப்பட்ட நல ஊழியர்கள் அதே யார்க்கில் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். அந்தச் சங்கம் பல பெயர் மாறி இன்று பிரிட்டனின் எச்.ஆர். தொழில்முறை அமைப்பாக இருக்கிறது. அமெரிக்காவிலும் கிட்டத்தட்ட இதே கதை. கல்லாப்பெட்டி இயந்திரம் செய்த நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனி 1897-இல் நலப்பணிக்கு வைத்த லீனா ஹார்வி டிரேசி, அதற்கு முன்னால் தேவாலயத் தொண்டு செய்துகொண்டிருந்தவர்.

இன்று கோட் சூட் போட்ட தொழிலாகத் தெரியும் எச்.ஆரின் முன்னோர்கள் தொண்டு செய்ய வந்த பெண்கள் என்பதை நம் பாடப்புத்தகம் சொல்வதே இல்லை!

விட்லி கமிஷன் கேட்ட ஆள்

திரும்ப இந்தியாவுக்கு வருவோம். 1929-இல் பிரிட்டிஷ் அரசு தொழிலாளர் நிலையை ஆராய ஒரு ராயல் கமிஷன் அமைத்தது. தலைவர் ஜே.எச். விட்லி, பிரிட்டிஷ் நாடாளுமன்ற மக்களவையின் முன்னாள் சபாநாயகர். உறுப்பினர்களில் என்.எம். ஜோஷி போன்ற தொழிற்சங்கத் தலைவரும் இருந்தார், ஜி.டி. பிர்லா போன்ற முதலாளியும் இருந்தார், நம் வலங்கைமான் வி.எஸ். சீனிவாச சாஸ்திரியும் இருந்தார்.

1931-இல் வந்த அறிக்கை மேஸ்திரி முறையைக் கடுமையாகக் குறை சொன்னது. அவருக்குப் பதிலாகத் தொழிற்சாலைகளில் 'லேபர் ஆபீசர்' என்று ஒருவரை வையுங்கள் என்றது. ஆள் எடுப்பதும், ஆளை வெளியே அனுப்புவதில் சம்மதம் சொல்வதும் அவர் பொறுப்பில் இருக்க வேண்டும். அவர் ஆலையின் மேலாளர் ஒருவருக்கு மட்டும் கட்டுப்பட்டவராக இருக்க வேண்டும், துறை அதிகாரிகளுக்கு இல்லை.

அவருக்கு என்ன தகுதி வேண்டும் என்று கமிஷன் சொன்னதுதான் எனக்கு ஆச்சரியம். எந்தப் பட்டத்தையும் முன்னால் வைக்கவில்லை. நேர்மை, ஆளுமை, சுறுசுறுப்பு, ஒவ்வொரு மனிதனையும் தனித்தனியாகப் புரிந்துகொள்ளும் குணம், தொழிலாளியின் பாஷையில் பேசும் திறன். இவ்வளவுதான். யோசித்துப் பாருங்கள், கடைசி இரண்டும் மேஸ்திரியிடம் ஏற்கனவே இருந்தவை. கமிஷன் கேட்டது நேர்மையான ஒரு மேஸ்திரியை! இந்தப் பட்டியலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வரும்.

சமூகப்பணி படித்தவர்கள் வந்தார்கள்

நேர்மையான ஆள் எங்கே கிடைப்பார்? தயார் செய்ய ஒரு கல்லூரி வேண்டும். 1936-இல் பம்பாயில் சர் தொராப்ஜி டாட்டா சமூகப்பணிப் பள்ளி தொடங்கியது. இன்றைய டிஸ் அதுதான். அதன் முதல் இயக்குநர் கிளிஃபோர்டு மேன்ஷார்ட் ஓர் அமெரிக்க மிஷனரி. பம்பாய் நாக்பாடாவின் நெரிசலான குடியிருப்புப் பகுதியில் சமூக மையம் நடத்தியவர். அவருக்குப் பின் இயக்குநராக வந்தவர் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த ஜே.எம். குமரப்பா. கணக்குத் தணிக்கையாளராக இருந்து காந்தியப் பொருளாதார அறிஞராக மாறிய ஜே.சி. குமரப்பாவின் சகோதரர்தான் இவர். ஒரே வீட்டில் ஒருவர் கணக்கு, ஒருவர் சமூகப்பணி. பின்னால் எச்.ஆர். துறையில் நடக்கப்போவதை அந்த வீடு முன்கூட்டியே சொல்லிவிட்டது போல!

1949-இல் ஜாம்ஷெட்பூரில் இயேசு சபைப் பாதிரியார்கள் எக்ஸ்.எல்.ஆர்.ஐ.யைத் தொடங்கினார்கள். 1952-இல் சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க்கைத் தொடங்கினார். தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகளின் பழைய வெல்ஃபேர் ஆபீசர்கள் பலர் அங்கே படித்தவர்கள்.

இன்னொரு வழியிலும் ஆட்கள் வந்தார்கள். 1942-இல் இந்திய அரசு தொழிலாளர் நல ஆலோசகராக நியமித்தது ஆர்.எஸ். நிம்ப்கரை. அவர் யார் தெரியுமா? பம்பாய் மில் தொழிலாளர் சங்கத் தலைவர். மீரட் சதி வழக்கில் குற்றம் சாட்டப்பட்டுச் சிறையில் இருந்தவர். உலகப்போர் நடக்கும்போது உற்பத்தி நிற்கக் கூடாது என்ற கவலை வந்ததும், சிறையில் அடைத்தவரையே ஆலோசனை சொல்லக் கூப்பிட்டார்கள்.

சட்டம் போட்ட நாற்காலி

1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 49-ஆவது பிரிவு, 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள தொழிற்சாலையில் நல அலுவலர் கட்டாயம் இருக்க வேண்டும் என்றது. மாநிலங்கள் போட்ட விதிகளில் சமூக அறிவியல் பட்டமோ டிப்ளமோவோ வேண்டும், பெரும்பாலான தொழிலாளர்கள் பேசும் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதினார்கள். விட்லி கமிஷன் கேட்ட மொழித்திறன் சட்டத்துக்குள் நுழைந்துவிட்டது.

ஆனால் இங்கேதான் சிக்கல். சம்பளம் கொடுப்பவர் முதலாளி, கவனிக்க வேண்டியது தொழிலாளியை. அப்படியானால் இவர் யாருடைய ஆள்? சில மாநில விதிகள் இதற்கு ஒரு வழி வைத்தன. பஞ்சாபில் நல அலுவலரை வேலையை விட்டு நீக்கத் தொழிலாளர் ஆணையரின் ஒப்புதல் வேண்டும், அலுவலர் அரசிடம் மேல்முறையீடும் செய்யலாம். அங்கே ஏ.சி.சி. சிமெண்ட் ஆலையின் நல அலுவலர் ஒருவர் நீக்கப்பட்டு, அரசு அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. கம்பெனி உச்ச நீதிமன்றம் வரை போனது. அப்படி முடிவு செய்யும்போது மாநில அரசு ஒரு தீர்ப்பாயமாகவே செயல்படுகிறது என்று 1960களின் நடுவில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டக் கல்லூரி நண்பர்களுக்கு நிர்வாகச் சட்டப் பாடத்தில் இது பிரபலமான வழக்கு. நமக்கு இதில் இருக்கிற செய்தி வேறு: தொழிலாளியைப் பாதுகாக்க வைத்தவரையே யாராவது பாதுகாக்க வேண்டியிருந்தது.

வக்கீல்கள் உள்ளே வந்த கதை

1947 தொழில் தகராறு சட்டம் வந்த பிறகு சண்டை ஆலை வாசலிலிருந்து தீர்ப்பாயத்துக்கு மாறியது. அப்படியானால் வக்கீல் வைத்துவிட்டால் போயிற்று என்கிறீர்களா? அங்கேதான் 36-ஆவது பிரிவு குறுக்கே வந்தது. சமரசப் பேச்சில் வக்கீலுக்கு அனுமதியே இல்லை. தீர்ப்பாயத்தில் எதிர்த்தரப்பு சம்மதித்து, தீர்ப்பாயமும் அனுமதித்தால்தான் வக்கீல் வரலாம். ஏழைத் தொழிலாளிக்கு எதிரே பெரிய வக்கீல் வந்து நிற்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான்.

முதலாளிகள் இதற்கு வழி கண்டுபிடித்தார்கள். சட்டம் படித்தவரை வக்கீலாக வைத்தால்தானே தடை? கம்பெனி அதிகாரியாகவே வைத்துக்கொள்வோம்! பர்சனல் ஆபீசர் வேலைக்கு பி.எல். பட்டத்துக்கு மதிப்பு ஏறியதில் இந்தப் பிரிவுக்கும் பங்கு உண்டு. 1976-இல் பாரதீப் துறைமுக வழக்கில் உச்ச நீதிமன்றமும், அதிகாரி என்ற முறையில் ஆஜராகும் உரிமை ஒருவர் சட்டம் படித்தவர் என்பதால் போய்விடாது என்று சொல்லிவிட்டது.

இதன் விளைவு என்ன? நலம் விசாரித்த நாற்காலியிலிருந்து சார்ஜ் ஷீட் வர ஆரம்பித்தது. நல அலுவலர் ஒழுங்கு நடவடிக்கையில் ஈடுபடக் கூடாது என்று பல விதிகள் சொன்னதால், 'வெல்ஃபேர்' ஒரு மேசை, 'பர்சனல்' பக்கத்து மேசை என்று பிரிந்தது. மதிப்பும் பதவி உயர்வும் எந்த மேசைக்குப் போயிருக்கும் என்று சொல்லவே தேவையில்லை.

நம்ம ஆளுங்க நுழைந்த வாசல்: போனஸ்

காமர்ஸ்காரர்கள் எப்போது வந்தார்கள்? போனஸ் தகராறில்தான். 1950-இல் பம்பாய் மில் வழக்கில் தொழிலாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஒரு சூத்திரம் சொன்னது. மொத்த லாபத்திலிருந்து தேய்மானம், ஆலையைப் புதுப்பிக்கும் நிதி, வருமான வரி, போட்ட மூலதனத்துக்கு 6 சதவீதம், வேலையில் ஈடுபட்ட கையிருப்புக்கு ஒரு சிறு வருமானம், எல்லாவற்றையும் கழி. மிச்சம் இருந்தால் அதில் தொழிலாளிக்கும் பங்கு.

அதோடு வேலைநிறுத்தப் பேச்சுவார்த்தை மேசைக்கு ஐந்தொகை வந்துவிட்டது. தேய்மானத்தை எப்படிப் போட்டீர்கள், புதுப்பிக்கும் செலவு இவ்வளவு ஏன் என்று சங்கம் கேள்வி கேட்டது. பதில் சொல்ல ஆடிட்டர் வேண்டும். கேள்வி கேட்கவும் கணக்குத் தெரிந்தவர் வேண்டும். 1965 போனஸ் சட்டம் குறைந்தபட்சம் 4 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம் என்று வரம்பு கட்டியது. குறைந்தபட்சம் பிறகு 8.33 ஆனது. ஒரு மாதச் சம்பளம் என்று தீபாவளிக்கு நம் வீடுகளில் பேசுவது இதைத்தான். 100-ஐ 12-ஆல் வகுத்துப் பாருங்கள்.

உளவியல் பேராசிரியர்கள்

1970களின் நடுவில் எல் அண்ட் டி நிறுவனம் ஐ.ஐ.எம். அகமதாபாத்திலிருந்து உதய் பரீக், டி.வி. ராவ் என்ற இரண்டு பேராசிரியர்களை ஆலோசனைக்கு அழைத்தது. இருவரும் உளவியல் படித்தவர்கள். ஆளை மதிப்பிடுவது, ஆளை வளர்ப்பது, நிறுவனத்தைச் சீரமைப்பது எல்லாம் சேர்ந்த ஒரே ஏற்பாடு வேண்டும் என்றார்கள். 'மனிதவள மேம்பாடு' என்ற சொல் இந்தியக் கம்பெனிகளில் பரவியது அதன் பிறகுதான். இந்தத் தடவை கவலை, மேனேஜர்களையும் என்ஜினியர்களையும் எப்படி வளர்ப்பது என்பது. நாற்காலி ஆலைத் தளத்தை விட்டு மாடிக்குப் போனது. பெயரும் மெல்ல மெல்ல எச்.ஆர். ஆனது.

கடைசியாக வந்த ஆக்சுவரி

ஜாம்ஷெட்பூர் டாட்டா இரும்பாலை 1920-இலேயே பி.எஃப். கொடுத்தது. நாடு முழுவதற்குமான பி.எஃப். சட்டம் 1952-இல்தான் வந்தது, 32 வருடம் கழித்து. அங்கே கிராஜுவிட்டி 1937-இல். மத்திய சட்டம் 1972-இல், 35 வருடம் கழித்து. முதலாளி விரும்பிக் கொடுத்தது பிறகு எல்லோரும் கொடுக்க வேண்டிய கடன் ஆனது.

கிராஜுவிட்டி கணக்கு சுலபம். கடைசி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வேலை பார்த்த வருடத்தால் பெருக்க வேண்டும். 26,000 ரூபாய் சம்பளம், 20 வருடம் என்றால் 3,00,000 ரூபாய். ஆனால் இன்று 25 வயதில் சேர்ந்தவருக்குப் பின்னால் எவ்வளவு கொடுக்க வேண்டிவரும்? அதை இந்த வருடக் கணக்கில் எவ்வளவு என்று எழுதுவது? சம்பளம் எப்படி ஏறும், எத்தனை பேர் நடுவில் விலகுவார்கள், எத்தனை பேர் இறப்பார்கள், வட்டி எவ்வளவு என்று நாலும் யூகிக்க வேண்டும். 2005-இல் திருத்தப்பட்ட கணக்கியல் தரம் 15 இதற்கு ஆக்சுவரி மதிப்பீட்டைக் கேட்டது. அதனால் இன்ஷூரன்ஸ் உலகத்தின் ஆக்சுவரி எச்.ஆர். அறைக்குள் வந்தார். 1956-இல் 245 நிறுவனங்களை இணைத்து எல்.ஐ.சி. உருவானபோது இந்தத் திறமை பெரும்பாலும் ஒரே கூரைக்குக் கீழே போயிருந்தது. அங்கிருந்து ஓய்வு பெற்றுத் தனியாக ஆலோசகர் ஆனவர்களும் உண்டு. 2002-இல் இன்ஷூரன்ஸ் புரோக்கர்களுக்கு உரிமம் கொடுக்க விதிமுறை வந்ததும், ஊழியர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஆலோசனை சொல்பவர்களாக அவர்களும் சேர்ந்தார்கள்.

அமெரிக்காவில் இது முன்பே நடந்தது. அங்கே பெரிய ஆலோசனை நிறுவனமாக வளர்ந்த ஹெவிட் 1940-இல் இன்ஷூரன்ஸ் தரகு நிறுவனமாகத்தான் தொடங்கியது. ஆக்சுவரிக்கு அங்கே மரியாதை கூடியதற்கு ஒரு சோகமான காரணம் உண்டு. 1963 டிசம்பரில் ஸ்டூடிபேக்கர் கார் கம்பெனி தன் சவுத் பெண்ட் ஆலையை மூடியது. ஓய்வூதிய நிதியில் போதுமான பணம் இல்லை. வயதில் மூத்தவர்களுக்கும் ஏற்கனவே ஓய்வு பெற்றவர்களுக்கும் முழுத்தொகை கொடுத்தார்கள். அடுத்த நிலையில் இருந்த சுமார் 4,000 பேருக்குச் சேர வேண்டியதில் 15 சதவீதம் அளவுதான் கிடைத்தது. அதற்கும் கீழே இருந்தவர்களுக்கு ஒன்றுமே இல்லை. இந்தச் சம்பவம் 1974-இல் வந்த ஓய்வூதியப் பாதுகாப்புச் சட்டத்துக்கு ஒரு முக்கியக் காரணம் என்பார்கள். கணக்கு தப்பினால் வயதான காலத்தில் ஒருவன் சோறு தப்பும். அதனால் ஆக்சுவரியை வெறும் எண்காரர் என்று யாரும் மட்டமாக நினைக்க வேண்டாம்.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. நிறைய பேர் ஐந்து வருடத்துக்குள் விலகிவிடுவார்கள் என்று யூகித்தால், பொதுவாக கிராஜுவிட்டிக் கடன் குறைவாகத் தெரியும். ஆளைத் தக்கவைப்பதுதான் எச்.ஆர். வேலை என்று ஒரு பாடத்தில் படிக்கிறோம். ஆள் போனால் கடன் குறையும் என்று இன்னொரு பாடத்தில் கணக்குப் போடுகிறோம். இரண்டும் ஒரே அறையில்தான் நடக்கின்றன.

கடைசியாக

2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. நல அலுவலர் கட்டாயம் என்ற வரம்பு 500-லிருந்து 250 தொழிலாளராகக் குறைந்தது. குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் எடுக்கப்படும் ஊழியருக்கு ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி உரிமை வந்தது. மேலே சொன்ன கணக்கில் ஒரு யூகம் மாறிவிட்டது, ஆக்சுவரிகளுக்கும் ஆலோசகர்களுக்கும் வேலை கூடிவிட்டது. நம் வகுப்பிலிருந்தும் பலர் அந்தப் பக்கம் போவோம். நமக்கு ஐந்தொகை தெரியும், ஃபார்முலா தெரியும்.

இப்போது விட்லி கமிஷனின் பட்டியலைத் திரும்ப எடுங்கள். நேர்மை, ஆளுமை, சுறுசுறுப்பு, மனிதனைப் புரிந்துகொள்வது, அவன் பாஷையில் பேசுவது. மேஸ்திரிக்கு அடுத்து வந்த ஒவ்வொருவரும் ஒரு புதுத் திறமையைக் கொண்டுவந்தார்கள். வக்கீல் சட்டத்தை, ஆடிட்டர் லாபக் கணக்கை, பேராசிரியர் உளவியலை, ஆக்சுவரி எதிர்காலத்தை. எல்லாமே தேவையானவைதான், இவை இல்லாவிட்டால் பி.எஃப். பணம் பத்திரமாக இருக்காது. ஆனால் தொழிலாளி நேரில் போய் "சார், எனக்கு ஒரு பிரச்சினை" என்று சொல்லக்கூடிய ஆள் என்ற பழைய தகுதியை இவர்கள் யாரிடமும் யாரும் கேட்கவில்லை. இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் திருப்பூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் வேலைக்கு வருகிறவர்களை யார் கூட்டி வருகிறார்கள்? அவர்கள் பாஷை பேசுகிற ஒரு காண்டிராக்டர்தான். மேஸ்திரி எங்கேயும் போகவில்லை, பெயர்தான் மாறியிருக்கிறது.

1931-இல் எழுதிய அந்த விளம்பரத்துக்கு இன்னும் ஆள் தேவை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பி.காம். படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். ஒடியாவோ இந்தியோ கொஞ்சம் பேசக் கற்றுக்கொண்டு போனால் இன்னும் நல்லது :)

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? சொல்லுங்கள்.